பிளைவுட்டில் ஒரு வட்டம்

எங்கள் கேரேஜில் ஆறு மாதமாக மூன்று காகித வட்டங்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. ஒன்று 9 அங்குலம், இன்னொன்று பன்னிரண்டரை, மூன்றாவது 18. மளிகைக் கடைப் பழுப்புப் பைகளைப் பிரித்து வெட்டியவை. காலையில் காபியோடு போய் நிற்பேன், ஒரு வட்டத்தை நான்கு அங்குலம் இடப்பக்கம் தள்ளுவேன், வேலைக்குப் போய்விடுவேன். மாலையில் வந்து பார்த்தால் என் மகள் அதை வேறு இடத்தில் வைத்திருப்பாள். என் மாடல் ரயில் லேஅவுட்டுக்கு டர்ன்டேபிள் தேர்ந்தெடுத்த கதை இதுதான். இதை விவரமாக எழுத ஒரு காரணம் உண்டு. தண்டவாளத்தைத் தவறாகப் போட்டால் பெயர்த்து மாற்றிப் போடலாம். டர்ன்டேபிளுக்காகப் பலகையில் வட்டமாக ஓட்டை போட்டுவிட்டால் போட்டதுதான்.

டர்ன்டேபிளைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நீராவி இன்ஜினுக்கு முன், பின் உண்டு. பின்னோக்கி ஓடும், ஆனால் பின்னால் இணைத்த எரிபொருள், தண்ணீர் வண்டியான டெண்டர் பார்வையை மறைக்கும், வேகமும் போக முடியாது. அதனால் பயணம் முடிந்த இடத்தில் இன்ஜினைத் திருப்பியாக வேண்டும். வட்டமான ஒரு பள்ளம், அதன் நடுவில் ஓர் அச்சு, அச்சின் மேல் ஒரு சின்ன இரும்புப் பாலம். இன்ஜின் பாலத்தின் மேல் ஏறி நிற்கும், பாலம் சுழலும், வேறு தடத்துக்கு நேராக வந்ததும் இன்ஜின் இறங்கிப் போகும். சுற்றிலும் விசிறி போல விரியும் தடங்கள் ஒவ்வொன்றும் ஷெட்டின் ஒரு வாசலுக்குள் போகும். ஜப்பானில் கியோட்டோ நகரின் உமேகோஜியில் 1914இல் கட்டிய அப்படி ஒரு ஷெட் இன்னும் இருக்கிறது. ஒரே டர்ன்டேபிளைச் சுற்றி 20 தடங்கள்.

நான் முதன்முதலில் கிட்டத்தில் நின்று பார்த்தது ரயில் இன்ஜினைத் திருப்பியதை அல்ல, சான் பிரான்சிஸ்கோவின் கேபிள் காரைத் திருப்பியதை. பவல் தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் இடத்தில் இன்றும் அது நடக்கிறது. பவல் வழித்தட கார்களை ஒரு முனையிலிருந்து மட்டும்தான் ஓட்ட முடியும், அதனால் கடைசி நிறுத்தத்தில் திருப்பியே ஆக வேண்டும். கலிபோர்னியா தெருவில் ஓடும் கார்களுக்கு இரண்டு முனையிலும் ஓட்டும் இடம் உண்டு, திருப்பும் வேலையே இல்லை. மரப்பலகை வேய்ந்த வட்டத்தில் கார் வந்து நின்றதும் ஓட்டுநரும் நடத்துனரும் இறங்கி, முதுகைக் கொடுத்துத் தள்ளுகிறார்கள். அவ்வளவு பெரிய வண்டி, அலுங்காமல் திரும்புகிறது.

அன்றைக்கு எனக்கு நினைவு வந்தது தேர்தான். தெரு முனையில் தேரைத் திருப்புவது எத்தனை பாடு! முட்டுக்கட்டை போட்டு, வடத்தை ஒரு பக்கமாக இழுத்து, நிறுத்தி, மறுபடி கட்டை போட்டு. தேருக்கு அச்சாணி சக்கரத்தில் இருக்கிறது, தெருவில் இல்லை. டர்ன்டேபிளில் சுமை முழுவதையும் நடுவிலிருக்கும் ஒற்றை அச்சு தாங்கிக்கொள்கிறது. அதனால்தான் இரண்டு பேர் போதும். பழைய கைத்தள்ளு டர்ன்டேபிள்களில் நூறு டன்னுக்கு மேலான இன்ஜினைக்கூட ஓரிருவர் தள்ளித் திருப்பியிருக்கிறார்கள். ஆனால் இன்ஜினின் எடை மையம் அச்சுக்கு நேர் மேலே வர வேண்டும். ஓட்டுநர் அங்குலம் அங்குலமாக முன்னும் பின்னும் நகர்த்தி, பாலம் தராசு போல இரு பக்கமும் சமமாக நிற்கும் இடத்தைப் பிடிப்பார். இன்ஜின்கள் கனத்துக்கொண்டே போனதும், பாலத்தின் இரு முனைகளிலும் உள்ள சக்கரங்களும் பள்ளத்து வட்டத் தண்டவாளத்தில் எடையைத் தாங்கும் வகை வந்தது. மோட்டாரும் வந்தது.

சரி, என் லேஅவுட்டுக்கு வருகிறேன். எச்ஓ அளவு, அதாவது 87இல் ஒரு பங்கு. கலிபோர்னியாவில் சியரா மலையடிவாரத்தில், மரமும் சரக்கும் ஏற்றிப் போன ஒரு சின்னக் கிளைப் பாதையை மனதில் வைத்துச் செய்கிறேன். ஜேம்ஸ்டவுனில் இருக்கும் ரெயில்டவுன் 1897 என்ற இடத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். பழைய சியரா ரயில்வேயின் பட்டறையும், டர்ன்டேபிளைச் சுற்றிய ஷெட்டான ரவுண்ட்ஹவுஸும் அங்கே உள்ளபடியே நிற்கின்றன. 1891இல் ராஜர்ஸ் தொழிற்சாலை கட்டிய 3ஆம் எண் இன்ஜினும், 1922இல் பால்ட்வின் கட்டிய 28ஆம் எண் இன்ஜினும் அங்கேதான் இருக்கின்றன. எண்ணெயும் புகையும் ஊறிக் கறுத்த அந்த மரத்தூண்களைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, ரவுண்ட்ஹவுஸ் இல்லாத லேஅவுட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கடைக்காரர்களிடமும் தெரிந்தவர்களிடமும் நான் முதலில் கேட்ட கேள்வி, “எந்த டர்ன்டேபிள் நல்லது?” என்பது. எனக்கு இந்தப் பொழுதுபோக்கைப் பழக்கிவிட்டவர் திருச்சிக்காரர், ஓய்வு பெற்ற மெக்கானிக்கல் இன்ஜினியர். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார். “உங்ககிட்ட இருக்கறதுலயே நீளமான இன்ஜின் எது தம்பி? அதை அளந்துட்டு வந்து பேசுங்க.”

அளந்தேன். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அளக்க வேண்டியது இன்ஜினின் முழு நீளத்தை அல்ல, முன் சக்கரத்திலிருந்து டெண்டரின் கடைசிச் சக்கரம் வரை உள்ள நீளத்தை. சக்கரங்கள் எல்லாம் பாலத்தின் மேல் நின்றால் போதும், மூக்கும் வாலும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். உலகத்தின் பெரிய நீராவி இன்ஜின்களில் ஒன்றான, யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பிக் பாய், டெண்டரோடு 132 அடிக்கு மேல் நீளம். ஆனால் சக்கரத்திலிருந்து சக்கரம் 117 அடி 7 அங்குலம்தான். அதைத் திருப்ப ஆக்டனிலும் கிரீன் ரிவரிலும் 135 அடி டர்ன்டேபிள் போட்டார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி சுழலும்போது பள்ளத்தின் ஓரத்தில் உள்ள கம்பத்தையோ தொட்டியையோ இடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

என்னிடம் இருப்பவை இரண்டு. 3ஆம் எண் போன்ற சின்ன 4-6-0, அப்புறம் கொஞ்சம் பெரிய 2-8-2 ஒன்று (இன்ஜினின் முன், நடு, பின் சக்கரங்களின் எண்ணிக்கை இது). சின்னது எங்கும் அடங்கும். 2-8-2வின் சக்கர நீளம் 9 அங்குலத்தை லேசாகத் தாண்டியது. அந்த ஒரு “லேசாக” என் ஆறு மாதத்தைத் தின்றது.

ஏனென்றால் முதலில் என் மனதில் இருந்தது அட்லஸ் டர்ன்டேபிள். விட்டம் 9 அங்குலம், எச்ஓ கணக்கில் சுமார் 65 அடி. பள்ளம் கிடையாது, மேல்பரப்பு முழுவதும் ஒரே மட்டம். பார்க்க அசல் போல இருக்காது. ஆனால் அதன் உள்ளே இருக்கும் பொறி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஜெனிவா இயக்கம் என்று பெயர். சுழலும் சக்கரத்தில் ஒரு முளை, எதிர்ச் சக்கரத்தின் பிளவுக்குள் நுழைந்து அதை ஒரு படி தள்ளிவிட்டு வெளியே வந்துவிடும். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தாலும் பாலம் 15 பாகைக்கு ஒரு முறை தானாக நின்று நின்றுதான் போகும். ஒரு சுற்றுக்கு 24 நிறுத்தம். பழைய சினிமா கொட்டகை புரொஜக்டரில் படச்சுருளை ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி நிறுத்தி இழுத்ததும் இதே பொறிதான், அங்கேயும் வினாடிக்கு 24. கம்ப்யூட்டரும் வேண்டாம், சென்சாரும் வேண்டாம். பலகையில் ஓட்டையும் வேண்டாம், மேலேயே வைத்துத் தடத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். என் 2-8-2 கால் அங்குலம் குட்டையாக இருந்திருந்தால் நான் இதைத்தான் வாங்கியிருப்பேன், இந்தக் கட்டுரைக்கும் வேலை இருந்திருக்காது.

மறுமுனையில் என் மகள். சாக்ரமெண்டோவில் கலிபோர்னியா மாநில ரயில் அருங்காட்சியகத்துக்கு அவளைக் கூட்டிப்போனது என் பிழையா புண்ணியமா தெரியவில்லை. அங்கே சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் 4294ஆம் எண் இன்ஜின் நிற்கிறது. ஓட்டுநர் அறை பின்னால் இல்லாமல் முன்னால் இருக்கும் கேப் ஃபார்வர்ட். சியரா மலையில் நீள நீளமான சுரங்கங்களும், பனி விழாமல் தடத்தை மூடும் கூரைகளும் உண்டு. புகை உள்ளேயே அடைந்து ஓட்டுநருக்கு மூச்சு முட்டியதால் இன்ஜினையே திருப்பிப் போட்டு அறையை முன்னால் வைத்தார்கள். நிலக்கரி இல்லாமல் எண்ணெயில் எரிந்ததால்தான் அது நடந்தது, குழாய் வழியாக எண்ணெய் எவ்வளவு தூரமும் வரும். 1944இல் கட்டிய 4294தான் அந்த வகையில் கடைசி, இன்று மிஞ்சியிருப்பதும் அது ஒன்றே. மகள் அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, “அப்பா, நம்ம வீட்டுக்கு இதுதான் வேணும்” என்றாள். எச்ஓவில் அது சுமார் 17 அங்குலம். அதற்கு 130 அடி டர்ன்டேபிள் வேண்டும், அதாவது 18 அங்குல வட்டம். மூன்றாவது காகிதம் அப்படி வந்தது.

வால்தர்ஸ் 90 அடியும் 130 அடியும் செய்கிறார்கள். 90 அடி, எச்ஓவில் பன்னிரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பிரிட்டிஷ் ரயில்களை ஓஓ அளவில் செய்பவர்களுக்குப் பெக்கோவின் 12 அங்குல கிட் இருக்கிறது. பிரிட்டனில் பெரிய பசிபிக் இன்ஜின்களையே 70 அடி டர்ன்டேபிளில் திருப்பினார்கள், ஓஓவில் ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர், ஆக 280 மில்லிமீட்டர். அது தாராளமாகப் போதும். இடம் மிகவும் குறைவாக இருப்பவர்கள் எச்ஓவைவிடச் சின்னதான ‘N’ அளவுக்குப் போய்விடலாம், கேட்டோவின் மோட்டார் வைத்த டர்ன்டேபிள் அவர்களுடைய யூனிட்ராக் தடத்தோடு அப்படியே பொருந்தும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடம். டர்ன்டேபிள் தன் வட்டத்தை மட்டும் இடமாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்குப் பின்னால் விரியும் விசிறிதான் இடத்தைத் தின்கிறது. இதை நான் காகிதத்தை வைத்துப் பார்க்கும்வரை உணரவில்லை.

ரவுண்ட்ஹவுஸ் வாசலில் இரண்டு தடங்களுக்கு நடுவே குறைந்தது இரண்டேகால் அங்குலம் வேண்டும். இல்லாவிட்டால் கதவுக்கும் தூணுக்கும் இடம் இருக்காது. தடங்கள் 10 பாகை இடைவெளியில் விரிந்தால், அந்த இரண்டேகால் அங்குலம் எங்கே கிடைக்கும்? மையத்திலிருந்து சுமார் 13 அங்குலத்தில். டர்ன்டேபிள் சின்னதோ பெரியதோ, அது மாறாது. வாசல் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது விட்டம் இல்லை, பாகை. நான் நாள் கணக்கில் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணா ஒரு சாயங்காலம் வந்து, ஸ்கேலையும் பாகைமானியையும் வைத்து ஐந்து நிமிடத்தில் கோடு போட்டுக் காட்டினார்.

கணக்கு இப்படி. 18 அங்குல டர்ன்டேபிள் என்றால் மையத்திலிருந்து வாசல் 13, உள்ளே பெரிய இன்ஜின் நிற்க ஷெட் ஆழம் 18 அல்லது 19, இந்தப் பக்கம் பாதி வட்டம் 9. மொத்தம் 40 அங்குலத்தைத் தாண்டிவிடும். பன்னிரண்டரை என்றால் 13, ஷெட் பன்னிரண்டரை, இந்தப் பக்கம் ஆறேகால். ஏறக்குறைய 32. அட்லஸ் என்றால் 15 பாகை, வாசல் மையத்திலிருந்து எட்டரை அங்குலத்திலேயே வந்துவிடும். மொத்தம் 23 அங்குலத்தில் ஒரு முழு ரவுண்ட்ஹவுஸ். நான் ஒதுக்கிய மூலை 36 அங்குல ஆழம். கைநீட்டினால் எட்டுவது 30 அங்குலம். அதற்கு அப்பால் ஒரு இன்ஜின் தடம் புரண்டால், எட்டி எடுக்கும்போது முழங்கை பட்டு இரண்டு கூரை உடையும்.

சரி, பாகையை 7, 8 என்று குறைத்து நிறையத் தடங்களை நெருக்கிப் போடலாமே என்று தோன்றும். போட்டால் வாசல் இன்னும் பின்னால் போகும். பள்ளத்தின் விளிம்பிலோ வேறு சிக்கல். பன்னிரண்டரை அங்குல வட்டத்தில் 10 பாகைக்கு விளிம்பில் தடங்களுக்கு இடையே ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல்தான் இருக்கும். எச்ஓ தடத்தின் ஸ்லீப்பரே அதைவிட அகலம். ஸ்லீப்பர் முனைகளைச் சீவித்தான் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். இன்னும் நெருக்கினால் ஒரு தடத்தின் தண்டவாளம் அடுத்ததன் மேல் ஏறும்.

அளவு முடிந்தது என்று நினைத்தபோது நேர்கோட்டுச் சிக்கல் வந்தது. என்னைக் கேட்டால் டர்ன்டேபிள் வாங்குபவர் பார்க்க வேண்டிய முதல் விஷயமே இதுதான். பாலத்தின் தண்டவாளமும் வெளித் தடத்தின் தண்டவாளமும் நேருக்கு நேர் வந்து நிற்க வேண்டும். தண்டவாளத் தலையின் அகலமே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கால் மில்லிமீட்டர் விலகினால் சக்கரம் தட்டும், அரை மில்லிமீட்டர் விலகினால் இறங்கிவிடும்.

இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துப் படித்தேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒருவரிடம் கைமாறி வந்த பழைய கிட் ஒன்றை வாங்கி, படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரும், அதை இயக்க ஆர்டுயினோ என்ற சின்ன புரோகிராம் பலகையும் வைத்து நானே ஓட்டுவேன் என்று இறங்கினேன். சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 படியாகப் பிரிக்கும். ஓட்டும் சர்க்யூட் ஒவ்வொரு படியையும் 16ஆக நுணுக்கினால் 3,200. கேட்கப் பெரிய எண். ஆனால் பன்னிரண்டரை அங்குல வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 997 மில்லிமீட்டர். 3,200ஆல் வகுத்தால் ஒரு நுண் படிக்கு 0.31 மில்லிமீட்டர். போதவே போதாது. நடுவில் பல்சக்கரம் போட்டு வேகத்தைக் குறைத்தேன். படி நுண்மையானது, ஆனால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருந்த தொய்வு புது வில்லங்கம் செய்தது. இடமிருந்து வந்தால் ஒரு இடத்தில் நிற்கும், வலமிருந்து வந்தால் இன்னொரு இடத்தில். எப்போதும் ஒரே திசையிலிருந்தே வந்து நிற்கும்படி புரோகிராமை மாற்றியதும் அது சரியானது. எந்தத் தடத்துக்குப் போனாலும் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வரும். அதற்குள் அந்தப் பழைய பள்ளத்தின் அடித்தட்டே நெளிந்திருப்பது தெரிந்தது. ஒரு பக்கம் பாலம் ஏறும், மறுபக்கம் இறங்கும். ரசமட்டம் வைத்து, காகிதத் துண்டு சொருகி, மூன்று வார இறுதிகள் மல்லுக்கட்டிவிட்டு எடுத்து வைத்துவிட்டேன். பழைய கிட் வாங்குபவர்கள் காசு கொடுக்கும் முன் பாலத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், கண்ணைப் பள்ளத்தின் விளிம்பு மட்டத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டு.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தண்டவாளத்திலும் எதிரெதிர் மின்சாரம் போகிறது. பாலம் அரைச் சுற்றுச் சுற்றினால் இடது வலதாகிவிடும், தடத்தைத் தொட்ட மாத்திரத்தில் ஷார்ட். அதற்காகச் சிலவற்றில் பள்ளத்து வளையத்தையே இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறார்கள், அந்தப் பிளவைத் தாண்டும்போது மின்சாரம் தானாக மாறும். பிளவுக்கு நேரே தடம் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டிசிசி எனும் டிஜிட்டல் கட்டுப்பாடு வைத்திருப்பவர்கள் பாலத்துக்கென்று தனியாக ஆட்டோ ரிவர்சர் ஒன்றைப் போடலாம். சத்தம் எழுப்பும் இன்ஜின் வைத்திருந்தால், பிளவைத் தாண்டும் கணத்தில் சத்தம் அறுந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இன்ஜினுக்குள் ஒரு சின்ன கெப்பாசிட்டர் வைத்தால் அது நிற்கும். மார்க்லின் நிறுவனத்தின் மூன்று தண்டவாள முறையில் இந்தத் தலைவலியே கிடையாது, அங்கே இரண்டு வெளித் தண்டவாளமும் ஒரே மின்சாரம்.

கடைசியில் 90 அடிதான். என் பாதையில் தினமும் ஓடப்போவது 4-6-0வும் 2-8-2வும். அந்த மலையடிவாரக் கிளையில் 130 அடி டர்ன்டேபிள் அசலில் இருந்திருக்கவே இருக்காது. ஒரு கிராமத்துக் கோயிலுக்கு ஏழு நிலை ராஜகோபுரம் வைத்தது போல, லேஅவுட் முழுவதும் அதன் நிழலில் போய்விடும். மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். காகிதத்தைப் பலகையில் வைத்து, விசிறியையும் வெட்டி ஒட்டி, “மரமில்லு எங்கே போகும்னு பாரு” என்றேன். 18 அங்குல வட்டத்தின் விசிறிக்கு அடியில் மரமில்லும் ஆறும் காணாமல் போயிருந்தன. ஆறு அவள் வரைந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்போ கேப் ஃபார்வர்ட் எங்க திரும்பும்?” என்று கேட்டாள். மலைக்குப் பின்னால் மறைந்திருக்கும் வளையத்தில் சுற்றித் திரும்பிவிடும், மெயின் லைனில் விருந்தாளியாக வந்து போகும் என்று முடிவானது. 18 அங்குலக் காகிதத்தை அவள் கேரேஜ் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள், அது அவளுடைய அடுத்த லேஅவுட்டுக்கு.

வட்டம் வெட்டிய அன்று அண்ணாவும் வந்திருந்தார். பள்ளத்தின் விளிம்பு உட்கார வேண்டும் என்பதால் பாலத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டம். ஆணி அடித்து, நூலுக்குப் பதிலாக மெல்லிய மரப்பட்டி வைத்துக் கோடு போட்டோம். நூல் இழுபடும், பட்டி இழுபடாது. ஜிக்சாவைக் கோட்டுக்குச் சற்று உள்ளே ஓட்டி, மிச்சத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்தேன். வெட்டிய தட்டு கீழே விழும் கணத்தில் மகள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பள்ளத்தை இறக்கியபோது நான்கு பக்கமும் ஒரே சீராக உட்கார்ந்தது. அண்ணா விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அப்புறம் தடம் தடமாகப் பதிவு. பாலத்தை மெல்ல நகர்த்தி, கண்ணால் பார்த்து நிறுத்தி, பொத்தானை அழுத்தினால் அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. நான் கன்ட்ரோலரைப் பிடித்திருக்க, மகள் கன்னத்தைப் பலகையில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தண்டவாளத்தின் வழியே பார்க்கிறாள். முதல் இரண்டும் எளிதாக முடிந்தன. மூன்றாவது வாசலில் 4-6-0வை ஏற்றிப் பார்த்தோம், இணைப்பில் டக்கென்று ஒரு சத்தம்.

“இன்னும் ஒரு மயிரிழை அப்பா. இல்ல, அந்தப் பக்கம் இல்ல. இந்தப் பக்கம்.”